லைனில் ஒட்டு

"என் லைன்ல ஒட்டு இருக்கு சார்."

மாடி வீட்டு அம்மாள் குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னதும் நிபுணருக்கு முதுகுத்தண்டில் சிலீரென்றது. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். தொழிலுக்கு வந்ததிலிருந்து அவரிடம் வந்ததெல்லாம் காணாமல் போன கிளி, காணாமல் போன மாப்பிள்ளை, காணாமல் போன சைக்கிள் என்கிற ரகம்தான். கிளி தானாகவே திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளையும் அப்படியே. சைக்கிள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, அது நிபுணருடையது.

'தனியார் துப்பறியும் நிபுணர்' என்று அட்டை அச்சடித்துக்கொண்ட நாளிலிருந்து எல்லோரும் அவரை நிபுணர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் அப்படித்தான். வீட்டில் மட்டும் அது திட்டுகிற மாதிரி இருக்கும்.

"ஒட்டா?" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "அதாவது, யாரோ உங்க பேச்சை ஒட்டுக் கேக்கறாங்க."

"யாரோ இல்ல சார். கீழ் வீட்டுல இருக்கா. என் தங்கச்சி."

அறை மூலையில் சுவரோடு சாய்ந்திருந்த உதவியாளன் நிமிர்ந்தான். உதவியாளன் என்பது மரியாதைக்கு. நிபுணரின் மனைவிக்குத் தம்பி. "சும்மாதானே இருக்கான், கூட வெச்சுக்கோங்க" என்று மேலிடத்து உத்தரவோடு வேலைக்குச் சேர்ந்தவன். ஒரு காதில் எப்போதும் ஒரு வயர் தொங்கும். அது ரகசியக் கருவி என்று நிபுணர் வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த வயரின் மறுமுனை சட்டைப்பையில் இருக்கும் பொடி ரேடியோவில் முடிகிறது, அதில் மேட்ச் கமென்ட்ரி ஓடுகிறது என்பது தொழில் ரகசியம்.

"கூடப் பிறந்த தங்கச்சியா?" என்றான் மைத்துனன். "அப்ப சந்தேகமே வேண்டாம் அத்தான். வெளியாளுக்கு ஏது இவ்வளவு அக்கறை?"

நிபுணர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கமென்ட்ரிக்குத் திரும்பிவிட்டான்.

அம்மாள் சொன்ன கதை இது. அவளுக்கு வேலை மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரிகளில் டாக்டர் ஒரு மொழி பேசுவார், நோயாளி வேறு மொழி பேசுவார். நடுவில் இவள், வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டர் வழியாக இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்பாள். டெலிபோன் கம்பியில் வருகிற நெட்தான். எக்ஸ்சேஞ்ச் தூரம் என்பதால் ஓட்டம் எப்போதும் நிதானம்தான், ஆனாலும் குரலைக் கொண்டுபோகப் போதும். போதுமாக இருந்தது, கொஞ்ச நாள் முன்பு வரை.

"இப்ப நடுவுல நடுவுல அறுந்து போகுது சார். அதுவும் எப்பங்கறீங்க? நான் பேசும்போது ஒருநாளும் அறுந்ததில்ல. அவங்க சொல்றதை நான் கேட்டுக்கிட்டு இருப்பேன் பாருங்க, சரியா அந்த நேரம் பார்த்து கட்! மோடத்துல பச்சை விளக்கு கண்ணை மூடிக்கும். ஹலோ ஹலோன்னு கத்தறேன். எவ்வளவு மானக்கேடு தெரியுமா? ஒரு அம்மா எங்கே வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, நான் பாதியில காணாமப் போயிட்டேன். இன்னொரு தடவை அறுந்தா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு மேனேஜர் சொல்லிட்டார். இன்னிக்குச் சாயந்திரம் ஒரு ஆபரேஷன் விஷயம், முக்கியமான பேச்சு இருக்கு."

"ஒட்டுன்னு யார் சொன்னது?"

"லைன்மேன். புகார் குடுத்திருந்தேன். கம்பத்து மேலேருந்தே போன் பண்ணினார். 'மேடம், உங்க லைன்ல ஒட்டு இருக்கு, கீழ் வீட்டு ஜன்னல் பக்கமாத்தான் இருக்கு'ன்னார். மேற்கொண்டு கேக்கறதுக்குள்ள அந்தப் பேச்சும் கட்டாயிடுச்சு."

நிபுணர் மெல்லத் தலையசைத்தார். இப்படித் தலையசைப்பதைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தார்.

"தங்கச்சி என்ன பண்றாங்க?"

"தையல். வேலை பார்த்த கடையை மூடிட்டாங்க, போக இடமில்லன்னு மெஷினோட வந்து நின்னா. கீழ் வீட்டைக் குடுத்தேன். வேலை நேரத்துல அந்த மெஷின் கடகடன்னு ஓடும். ஒருநாள் தாங்க முடியாம மாடிப்படியில நின்னு நல்லாத் திட்டிட்டேன். அன்னியோட பேச்சுவார்த்தை நின்னு போச்சு. மெஷின் சத்தமும் கேக்கறதில்ல. அந்தக் கோபத்தைத்தான் இப்படித் தீர்த்துக்கறா."

என்ன சொல்லித் திட்டினீர்கள் என்று நல்ல துப்பறிவாளன் யாராயிருந்தாலும் இந்த இடத்தில் கேட்டிருப்பான். நிபுணர் கேட்கவில்லை.

"எனக்கு ஆதாரம் வேணும் சார். சாயந்திரத்துக்குள்ள. கையில ஆதாரம் கிடைச்சா இன்னிக்கே அவளை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவேன். ஆதாரம் இல்லாம சொல்ல மனசு வரல."

"அவங்க எங்க போவாங்க?" என்றான் மைத்துனன், வயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு.

அம்மாள் சுவரைப் பார்த்தாள். பிறகு, "அது அவ பாடு" என்றாள். அப்படிச் சொன்னபோது குரல் கொஞ்சம் பிசிறியது.

*

லைன்மேன் இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தார். நிபுணர் கீழே நின்று அண்ணாந்தார்.

"கொஞ்சம் இறங்கி வர்றீங்களா? ஒரு விசாரணை."

"வேலையா இருக்கேன். நீங்க ஏறி வாங்க."

நிபுணர் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார், இரண்டாம் படியைப் பார்த்தார், இறங்கிவிட்டார். சட்டத்துக்குக் கழுத்து வலி ஒரு பொருட்டல்ல என்று கீழே நின்றபடியே விசாரித்தார்.

"மாடி வீட்டு லைன்ல ஒட்டு இருக்குன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"அந்த ஒட்டைப் போட்டது யாரு?"

"நான்தான்."

நிபுணர் மைத்துனனின் தோளைப் பிடித்து இழுத்தார். இவ்வளவு சுலபமாக யாரும் அவரிடம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை, அவர் மனைவி உட்பட. "கேட்டுக்கோ மச்சான்" என்று கிசுகிசுத்துவிட்டு மேலே குரல் கொடுத்தார். "யார் சொல்லிப் போட்டீங்க?"

"ஆபீஸ்ல சொல்லித்தான். நானா ஆசைப்பட்டா போடுவேன்?"

"இந்த ஒரு வீடு மட்டும்தானா?"

"என்ன சார் கேள்வி இது? இந்த ஊர் முழுக்க ஒட்டுதான். ஒட்டில்லாத லைன் ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!"

ஊரையே ஒட்டுக் கேட்கிறார்கள். அவர் வீட்டு லைனையும் சேர்த்து. அவர் மனைவி அவரைப் பற்றித் தன் அம்மாவிடம் பேசுவதெல்லாம் எங்கேயோ ஒரு ஆபீஸில் பதிவாகியிருக்கிறது.

"எதுக்காக?" என்றார் தழுதழுத்து.

"எதுக்காகவா? கம்பி எட்டலைன்னா வேற என்ன பண்றது? இன்னொரு கம்பியைச் சேர்த்து முறுக்கினா அது ஒட்டு."

கம்பத்தின் மேல் இடுக்கி கிறீச்சிட்டது.

"அத்தான்," என்றான் மைத்துனன் பணிவாக. "இது கேக்கற ஒட்டு இல்ல போலிருக்கு. ஒட்டற ஒட்டு."

நிபுணர் கழுத்தைத் தடவிக்கொண்டார். அசடு வழிவது மேலே இருப்பவருக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"அந்த ஜன்னல் பக்கத்து ஒட்டுல தண்ணி இறங்கி, களிம்பு ஏறிப் பச்சையாக் கிடந்துச்சு," என்று லைன்மேன் தானாகவே தொடர்ந்தார். "வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசாப் போட்டுட்டேன். ஸ்பீட் ஏறிடுச்சே."

"ஆனா நடுவுல அறுந்து போறது நிக்கலையே."

"வீட்டு வாசல் வரைக்கும்தான் என் பொறுப்பு. வாசலுக்கு உள்ள நடக்கறதெல்லாம் குடும்ப விஷயம். உள்ள தட்டை வயர் எதையாவது இழுத்து வெச்சிருப்பாங்க, எடுக்கச் சொல்லுங்க. எங்க கம்பி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு இருக்கும். முறுக்கிக்கிட்டு இருந்தாத்தான் வெளிச் சத்தம் உள்ள வராது."

"எங்க வீட்டுல அக்கா முறுக்கிக்கிட்டா சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்," என்றான் மைத்துனன்.

அந்த அக்காவின் புருஷன் என்ற முறையில் நிபுணர் இதை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

*

"கேஸ் புஸ்ஸுன்னு போச்சே அத்தான்," என்றான் திரும்பும் வழியில்.

"போகலடா. இப்பத்தான் சூடு பிடிக்குது." மூக்கு உடைபட்ட பிறகு நிபுணருக்கு மூளை கொஞ்சம் சுறுசுறுப்பாகும். வாழ்க்கையில் அவர் யோசித்த நல்ல விஷயங்கள் எல்லாமே ஏதாவது ஒரு அவமானத்துக்குப் பிறகு வந்தவை. "எக்ஸ்சேஞ்ச் தூரம்னு சொல்றாங்க. தூரம் நேத்தும் அங்கேயே இருந்துச்சு, இன்னிக்கும் அங்கேயே இருக்கு. அதனால நெட் எப்பவும் மெதுவா இருக்கும், சரி. ஆனா விட்டு விட்டு நடக்கற குற்றத்தை, நகராம உக்காந்திருக்கறவன் பண்ண முடியாது."

"அக்காவும் உங்களைப் பத்தி அதைத்தான் சொல்றா. நகராம உக்காந்திருக்கார்னு."

"ஒட்டுல ஈரம்னா மழையில வரணும். மழையே இல்ல, ஒட்டும் புதுசு. எல்லாரும் ஒரே நேரத்துல நெட் பார்த்தா நெரிசல்ல மெதுவாகும். ஆனா அந்தம்மா எப்ப வாயை மூடறாங்கன்னு நெரிசலுக்கு எப்படித் தெரியும்?" நிபுணர் நடுத்தெருவில் நின்றார். "இதைப் பண்றது ஒரு ஆள். காதுள்ள ஆள்!"

சொன்னது அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

மாடி வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் தரையில் கிடந்த எதிலோ கால் தட்டி, நிபுணர் குப்புற விழுந்தார். வெள்ளை நிறத்தில் தட்டையாக ஒரு வயர். ஹால் சுவரிலிருந்து கிளம்பி, நடு அறைத் தரையைக் கடந்து, பின்னறைக்குப் போனது.

"ஐயோ, பார்த்து சார்," என்று அம்மாள் ஓடி வந்தாள். "சண்டைக்கு அப்புறம் அவளுக்குப் பக்கத்துல இருக்கப் பிடிக்கல. மோடத்தைப் பின்னறைக்கு மாத்திட்டேன். வயரை நானே கடையில வாங்கி இழுத்தேன். காதையும் மூடற மாதிரி பெரிய ஹெட்போனா வாங்கிட்டேன்."

லைன்மேன் சொன்னது ஞாபகம் வர வேண்டிய இடம் இது. நிபுணருக்கு முழங்கால் வலி மட்டும்தான் தெரிந்தது.

திட்டம் எளிமையானது. அம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூட வேலை பார்க்கும் தோழியைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நடுவில் பேச்சை நிறுத்தி, அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். மைத்துனன் மோடத்துக்குக் காவல். நிபுணர் கீழே, ஜன்னலுக்கு வெளியே.

கீழ் வீட்டு ஜன்னல் ஓரமாகச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று அவர் உள்ளே பார்த்தார். மேஜையில் மோட்டார் பொருத்திய தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த திரைச்சீலை. பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் தங்கச்சி! கழுத்தில் அளவு நாடாவோடு ஏறி நின்று, தலையைச் சாய்த்து, காதைக் கூரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மேலேயிருந்து அக்காவின் குரல் மங்கலாக வந்தது. தங்கச்சி அசையவில்லை. குரல் நின்றது. அவள் கொஞ்சம் பொறுத்தாள், இன்னும் ஒரு தடவை உற்றுக் கேட்டாள், பிறகு சத்தமில்லாமல் இறங்கினாள்.

நிபுணர் அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? வெற்றி வெற்றி என்று மாடிப்படிக்கு ஓடினார். பின்னால் ஏதோ கடகடத்தது. அது அவர் காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை.

"ஹலோ? ஹலோ!" என்று மேலே அம்மாளின் குரல் உயர்ந்தது. "போச்சு! மறுபடியும் போச்சு!"

"அத்தான், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான் மைத்துனன்.

"அப்புறம்டா." நிபுணர் மூச்சிரைக்க நின்றார். "மேடம், கையும் காதுமாப் பிடிச்சுட்டேன். ஸ்டூல்ல ஏறி நின்னு கேக்கறாங்க. நீங்க நிறுத்தினதும் இறங்கறாங்க. இறங்கினதும் லைன் கட்."

தன் வாழ்நாளில் சாட்சியோடு முடித்த முதல் கேஸ் என்று அவருக்குப் பெருமை பொங்கியது. அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அது பாதி வடிந்துவிட்டது. ஆதாரம் கேட்டவளுக்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது. அவளோ ஏதோ துக்கச் செய்தி கேட்டவளைப் போல் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

*

கதவைத் திறந்த தங்கச்சி முதலில் அக்காவைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரையும்.

"ஸ்டூல்ல ஏறி நின்னு நான் பேசறதைக் கேக்கறியா?" அக்கா அவளிடம் நேருக்கு நேர் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. முதல் வார்த்தையே இது.

தங்கச்சி ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தாள். "கேக்கறேன்."

"பார்த்தீங்களா சார், அவளே ஒத்துக்கிட்டா!"

லைன்மேன்கூட இப்படித்தான் ஒத்துக்கொண்டார் என்று நிபுணருக்கு உள்ளே எதுவோ உறுத்தியது. அதை வெளியே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னியோட நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல," என்றாள் அக்கா. "சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணிடு."

தங்கச்சி சண்டை போடுவாள், அழுவாள், ஏதாவது ஒரு சாக்குச் சொல்வாள் என்று நிபுணர் காத்திருந்தார். அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துச் சுருட்டினாள். "திரைச்சீலை இன்னிக்குக் குடுக்கணும். அதை மட்டும் முடிச்சுட்டுக் கிளம்பறேன்," என்றாள். எங்கே கிளம்புவாள் என்று அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நிபுணருக்கு வெட்கமாக இருந்தது. கேஸை ஜெயித்தால் ஒரு காபியாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தார். இப்போது அது வேண்டாம் என்று தோன்றியது.

"அவங்க தைச்சு முடிக்கட்டும். அதுக்குள்ள ஸ்கோர் கேட்டுக்கறேன்," என்று மைத்துனன் ரேடியோவை வெளியே எடுத்து, காது வயரை உருவினான். "எல்லாம் உங்களாலதான் அத்தான். மேல காவல் நிக்கச் சொன்னீங்க. கடைசி ஓவர். தூக்கி அடிச்சான், பந்து மேல போகுது, போகுது, அப்ப பார்த்து கர்ர்ர்னு ஒரே இரைச்சல். சிக்ஸா அவுட்டான்னே தெரியாமப் போச்சு."

"எப்ப?"

"அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன். மோடம் கண்ணை மூடிச்சே, அதே நேரம். ரெண்டும் பேசி வெச்ச மாதிரி."

நிபுணர் அவனையே பார்த்தார். "உன் ரேடியோவுக்கும் டெலிபோன் கம்பிக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல."

"உன் ரேடியோவை எவளாவது ஸ்டூல்ல ஏறி நின்னு ஒட்டுக் கேப்பாளா?"

"கமென்ட்ரி பிடிச்சா கேக்கலாம்."

அதற்குள் தங்கச்சி மெஷின் முன்னால் உட்கார்ந்து திரைச்சீலையை ஊசிக்கடியில் வைத்து, காலால் பெடலை அழுத்தினாள். மோட்டார் கடகடத்தது. மைத்துனன் கையிலிருந்த ரேடியோ 'கர்ர்ர்' என்று கத்தி, கமென்ட்ரியை விழுங்கியது.

"காலை எடுங்க!" என்றார் நிபுணர்.

காலை எடுத்தாள். கமென்ட்ரி திரும்பி வந்தது.

"மறுபடி அழுத்துங்க. மச்சான், மேல ஓடு!"

அவள் திகைத்துப்போய் அழுத்தினாள். மேலேயிருந்து மைத்துனனின் கூச்சல் வந்தது: "விளக்கு போச்சு அத்தான்!"

நிபுணர் குனிந்து மோட்டாரின் காற்றுத் துளை வழியாகப் பார்த்தார். உள்ளே மின்சாரம் கடத்துகிற கார்பன் துண்டு தேய்ந்து, நீலமாகப் பொறி பறந்துகொண்டிருந்தது. அந்தப் பொறியின் இரைச்சல் காற்றில் பரவி ரேடியோவுக்குள் போகிறது. இந்த மெஷினுக்கு நேர் மேலே, நடு அறைத் தரையில், அவரைக் குப்புறத் தள்ளிய வயர் கிடக்கிறது. முறுக்கே இல்லாத தட்டை வயர். வருகிற இரைச்சலையெல்லாம் வாங்கி அப்படியே மோடத்திடம் கொடுக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து களைத்து வருகிற சமிக்ஞை, இந்தக் கூச்சலில் அமுங்கிப் போகிறது. லைன்மேன் சொன்னது அவர் தலைக்குள் ஏற இவ்வளவு நேரமும் ஒரு முழங்காலும் தேவைப்பட்டிருக்கிறது.

"ஆனா மெஷின் சத்தமே எனக்குக் கேக்கறதில்லையே!" என்றாள் அக்கா.

"காதை மூடற மாதிரி பெரிய ஹெட்போனா வாங்கினீங்களே மேடம்."

"கட்டானதும் கழட்டிடுவேன். அப்பவும் கேக்கறதில்ல."

நிபுணர் தங்கச்சியிடம் திரும்பினார். இந்தத் தடவை கேள்வியை மிரட்டாமல் கேட்டார். "மேல ஹலோ ஹலோன்னு சத்தம் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"மெஷினை நிறுத்திடுவேன்."

"ஏன்?"

"அக்கா பேச ஆரம்பிச்சுட்டாளே."

அக்கா ஒன்றும் புரியாமல் நின்றாள். தங்கச்சி அவளைப் பார்க்காமல், துணியின் ஓரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீதானே சொன்னே, மாடிப்படியில நின்னு. 'நான் பேசும்போது ஓட்டாதே'ன்னு. நீ பேசும்போது ஒருநாளும் ஓட்டினதில்ல. நீ நிறுத்தினா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு ஓட்டுவேன். திரும்பப் பேசினா நிறுத்திடுவேன். நீ பின்னறைக்குப் போனப்புறம் குரல் சரியா விழல. அதான் ஸ்டூல் போட்டேன்."

"நான் பேசாம இருந்தா... கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்டி."

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் என்கூடப் பேசறதே இல்லையே."

மாடியிலிருந்து இறங்கி வந்த மைத்துனன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

"சில சமயம் யார்கிட்டயோ சொல்லுவே," என்று தங்கச்சி இன்னும் மெதுவாகச் சொன்னாள். "'பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்'னு. அது மட்டும் நல்லாக் கேக்கும். அதைக் கேட்டா இறங்க மனசு வராது. கொஞ்ச நேரம் அப்படியே நிப்பேன்."

அக்கா அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத நோயாளிகளுக்கெல்லாம் வார்த்தை தேடிக் கொடுத்துச் சம்பாதிக்கிறவளுக்கு, எதிரில் இருப்பவளிடம் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயந்திரப் பேச்சுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

*

மோடத்தை ஹாலுக்கு மாற்றும் வேலையை நிபுணர் தானே ஏற்றுக்கொண்டார். தட்டை வயரைப் பிடுங்கிச் சுருட்டியதில் அது அவர் காலையும் நாற்காலியின் காலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. மைத்துனன்தான் பிரித்துவிட்டான். சுவரிலிருந்து மோடத்துக்கு இப்போது ஒரு சாண் முறுக்கு வயர், அவ்வளவுதான். கீழே தங்கச்சி மெஷினின் பிளக்கையே பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி மேலே பேச்சா மௌனமா என்று அவள் ஸ்டூல் போட்டுக் கேட்க வேண்டியதில்லை.

பேச்சு முடியும்வரை இருவரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

"ஆதாரம்னு கொண்டுபோய்க் குடுத்தேனே, அதை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு," என்றார் நிபுணர். "நீ மேட்ச் கேக்கலைன்னா அந்தப் பொண்ணு இந்நேரம் மெஷினைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நின்னிருக்கும்."

"விடுங்க அத்தான். கண்ணால பார்த்ததைத்தானே சொன்னீங்க."

"பாதியைப் பார்த்துட்டு முழுசாச் சொன்னேன்."

மாடி ஜன்னல் வழியாக மோடத்தின் பச்சை விளக்கு தெரிந்தது. அது ஒருமுறைகூடக் கண் மூடவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பேச்சு முடிந்து அக்கா மாடிப்படியில் இறங்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"இரு," என்றார் நிபுணர். "இப்ப மெஷின் ஓடணும். மெஷின் ஓடும்போதும் அந்த விளக்கு அணையாம இருந்தாத்தான் கேஸ் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மைத்துனன் ரேடியோவை நீட்டிப் பிடித்தான். இருவரும் காத்திருந்தார்கள். ரேடியோவில் ஒரு இரைச்சலும் இல்லை. யாரோ அடுத்த மேட்சைப் பற்றித் தெள்ளத் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கின.

"ஓடலையே அத்தான்," என்றான் மைத்துனன் கவலையோடு. "திரைச்சீலையை இன்னிக்கே குடுக்கணும்னாங்களே. மோட்டார் போயிடுச்சா?"

நிபுணர் போய் ஜன்னலில் பார்த்தார், இந்தத் தடவை ஒளியாமல். துணி ஊசிக்கடியில் தயாராக இருந்தது. பிளக் மாட்டியிருந்தது. தங்கச்சியின் கால் பெடல்மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. எதிரில் ஸ்டூலில் அக்கா.

அவர் சத்தமில்லாமல் கேட்டுக்குத் திரும்பி வந்தார்.

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்லடா," என்றார். "அக்கா பேசிக்கிட்டு இருக்காங்க."